முதலில் பிள்ளைகளைத் திருத்துங்கள் என்கிறார் வாசகர்

கேள்வி: இரவு வேலை முடிந்து மோட்டாரில் வரும் நம் மலேசிய இந்திய இளைஞர்களைச் சாலைத் தடுப்பில் நிறுத்திச் சோதிப்பதைப் பெரிய அநியாயம் போல எழுதுகிறீர்கள். குண்டர் கும்பல்களில் நம் பிள்ளைகள் இருப்பது பொய்யா? முதலில் அவர்களைத் திருத்துங்கள், அப்புறம் போலீசைக் குறை சொல்லலாம்.
(ஒரு வாசகர், செந்தூல்)

பதில்: பொய் இல்லை. ஆனால் எவனோ பாராங் கத்தி தூக்கியதற்கு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பையன் ஏன் ஐயா பதில் சொல்ல வேண்டும்? அரசுப் பணத்தைச் சுருட்டியவர் பிடிபட்டால், அவர் இனத்தார் எல்லோருடைய பையையும் யாராவது துழாவுகிறார்களா?

சரி, சாலையில் நிறுத்துவது ஐந்து நிமிடச் சங்கடம் என்றே வைத்துக்கொள்வோம். லாக்கப்புக்குள் போன பிறகு? கார் திருட்டுச் சந்தேகத்தில் 2009 ஜனவரியில் பிடிபட்ட குகன் ஆனந்தன், சில நாட்களில் சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் பிணமானார். நுரையீரலில் நீர் கோத்ததாம்; முதல் பிரேதப் பரிசோதனை அப்படித்தான் சொன்னது. குடும்பம் விடவில்லை. அடிபட்டுத் தசை சிதைந்ததால் சிறுநீரகம் செயலிழந்தது என்பது இரண்டாவது பரிசோதனையில்தான் தெரிந்தது. 2013இல் உயர்நீதிமன்றம் 8 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. குகன் திருடினாரா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவே இல்லை. அவரைத் தாக்கியதாகத் தண்டிக்கப்பட்ட கான்ஸ்டபிளும் இந்தியர்தான். ஆகவே, போலீசில் நம்மவர்களைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் கொஞ்சம் யோசிக்கட்டும். கேட்பதற்கு ஆள் இல்லாத அறையில் யார் கையும் நீளும்.

கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றுதான் போலீஸ் படையைப் பற்றி ஆராய்ந்த, துன் முகமது சைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005இல் தன் 125 பரிந்துரைகளுக்குள் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஒரு சுயேச்சை ஆணையத்தையும் சேர்த்தது. 18 ஆண்டு கழித்து, 2023 ஜூலையில், ஐபிசிசி என்ற போலீஸ் நடத்தை ஆணையம் வந்தது. அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. லாக்கப்பைப் பார்வையிடக்கூட முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். விருந்தாளி வருகிறார் என்றால் யார் வீட்டில்தான் கூட்டிப் பெருக்க மாட்டார்கள்!

பிள்ளைகளைத் திருத்தச் சொன்னீர்கள். திருத்துவோம், கூடவே இதையும் சொல்லிக்கொடுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவின்படி, கைதானவரை விசாரிக்கும் முன், குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லலாம் என்று போலீஸ் அவரிடம் தெரிவிக்க வேண்டும். விதிவிலக்கு உண்டு, அதைக் காட்டித்தான் பல நேரம் தட்டிக்கழிக்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணைக்காக மேலும் தடுத்து வைக்கப் போலீஸ் மனு போடும்போது, தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் இலவசமாக வாதாடுவார். வழக்கறிஞர் யாரும் வரவில்லை என்றால், பையன் வாயைத் திறந்து மாஜிஸ்திரேட்டிடமே கேட்கட்டும்.