நூலக வரியும் மாட்டுவண்டியும்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஓடியதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? எங்கள் ஊர் கிளை நூலகத்தின் வரலாற்றை எழுத ஆசை. ஆனால் நண்பர்கள், "அது அரசாங்கம் திறந்தது, அதில் என்ன வரலாறு?" என்கிறார்கள்.

கா., நீடாமங்கலம்

அன்புள்ள கா.,

உண்மைதான். மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் 1931 அக்டோபரில் அந்த வண்டி கிளம்பியது. ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. 'இந்தியாவிலேயே முதல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பரோடா சமஸ்தானம் அதற்கு முன்பே புத்தகப் பெட்டிகளை ஊர் ஊராக அனுப்பியிருக்கிறது. நூலகவியல் அறிஞரும் சீர்காழிக்காரருமான ரங்கநாதனின் 'நூலகவியலின் ஐந்து விதிகள்' வெளிவந்ததும் அதே 1931இல்தான்.

உங்கள் நண்பர்களிடம் ஒன்று கேளுங்கள்: அரசாங்கம் யார் காசில் திறந்தது? 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டுவரியோடு நூலகத்துக்கென ஒரு வரியை அது சேர்த்தது. இன்றைக்கு வீட்டுவரியில் ரூபாய்க்கு பத்து காசு. நூலகத்தின் படியேறாதவர்கூட அதற்குக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். வசூலிப்பது நகராட்சி, பேரூராட்சி போன்ற உள்ளாட்சிகள். செலவு செய்வது மாவட்ட நூலக ஆணைக்குழு. வசூலித்தும் ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேராமல் நடுவில் நிற்கும் பாக்கியைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்!

அந்தச் சட்டத்துக்கு முன்னால் பல ஊர்களில் இருந்தவை வாசகசாலைகளும் படிப்பகங்களும். காங்கிரஸ்காரர்கள் நடத்தினார்கள், சுயமரியாதைக்காரர்கள் நடத்தினார்கள். உங்கள் ஊரிலும் இருந்திருந்தால் தடயம் புத்தகத்திலேயே கிடைக்கும். பழைய நூல் ஒன்றை எடுத்து முகப்புப் பக்கத்தைப் பாருங்கள். ஆணைக்குழு முத்திரைக்குப் பக்கத்தில் மங்கிப்போன இன்னொரு முத்திரை இருந்தால், அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நூல் இருப்புப் பதிவேட்டின் முதல் பக்கங்கள்: எது விலைக்கு வாங்கியது, எது நன்கொடை, யார் கொடுத்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நூலகத்துக்கு நிதி கொடுத்தவர்களின் பெயர்கள் எழுதிய, சுவரில் இருக்கும் புரவலர் பலகையையும் விடாதீர்கள்.

பெரியவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் வருஷத்தை அவர்களிடம் கேட்காதீர்கள், பதிவேட்டிடம் கேளுங்கள். நூலகர் காட்டத் தயங்கினால் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். கையோடு வீட்டுவரி ரசீதின் நகல் ஒன்றையும் இணையுங்கள்.