அப்பாவின் புத்தகங்களுக்கு என்ன விலை?

கேள்வி: தமிழாசிரியராக இருந்த என் அப்பா சென்ற தை மாதம் காலமானார். வீட்டில் முந்நூறு புத்தகங்கள் இருக்கும். பழைய பேப்பர் கடை அண்ணாச்சி கிலோ 15 ரூபாய்க்குக் கேட்கிறார். ‘ஆன்லைனில் போட்டால் ஆயிரக்கணக்கில் கிடைக்கும், அக்கா’ என்கிறான் தம்பி. யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் பாயை விரித்து, ஒவ்வொரு புத்தகமாகத் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். எத்தனையாம் பதிப்பு, எந்த ஆண்டு என்பது அங்கேதான் இருக்கும்.

ஆண்டைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வெளியீடு ஒன்றை ஒருவர் ‘2001ஆம் ஆண்டுப் பதிப்பு’ என்று இணையத்தில் 80 ரூபாய்க்குப் போட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது திருவள்ளுவர் ஆண்டு 2001. 31ஐக் கழித்தால் 1970! சத்தம் காட்டாமல் வாங்கிவிட்டேன். நெஞ்சு கொஞ்சம் உறுத்தியது. திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு உறுத்தவில்லை.

தமிழாசிரியர் வீடு என்பதால் கழகப் புத்தகங்கள் கட்டாயம் இருக்கும். அந்தக் கழகம் 1920இல் நம் திருநெல்வேலியில் பிறந்ததுதானே. ஆனால் அவற்றில் பல திரும்பத் திரும்ப அச்சானவை. பழுப்பேறிய தாளெல்லாம் பொன் இல்லை. 1923இல் தொடங்கிய ‘செந்தமிழ்ச் செல்வி’ இதழ்களை அப்பா ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தால் மட்டும் பிரித்து விற்காதீர்கள். ஆய்வு மாணவர்கள் முழுத் தொகுதியாகத்தான் தேடுவார்கள்.

2018க்கு முந்தைய சமச்சீர் பாடநூல்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவாது. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் அவற்றையும் கேட்டு வாங்குகிறார்கள். அவற்றை உள்ளூரிலேயே தள்ளிவிடுங்கள். தபால் செலவுக்குக் கட்டாது.

இணையத்தில் விற்பவற்றுக்கு அட்டையை மட்டும் படமெடுத்துப் போட்டால் போதாது. ராமபாணப் பூச்சி துளைத்த பக்கம், நூலக முத்திரை, அப்பா ஓரத்தில் எழுதிய குறிப்பு எல்லாம் படத்தில் தெரியட்டும். பின்னால் சண்டை வராது. முத்திரை இருந்தால், அது நூலகத்துக்குத் திரும்ப வேண்டிய புத்தகமா என்றும் பாருங்கள். ஆசிரியர்களுக்கு மறதி அதிகம், நானும் ஆசிரியன்தான்.

அனுப்புவதற்கு, அஞ்சல் துறை 2025 மே மாதம் புத்தகங்களுக்காகத் தொடங்கிய ‘ஞான் போஸ்ட்’ சேவை இருக்கிறது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் கொஞ்சம் தாமதமாகும். பணம் கைக்கு வந்தபிறகு பார்சலைக் கட்டுங்கள். ‘பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்று எவனாவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை.

மிஞ்சுகிற நோட்ஸ்களையும் கைடுகளையும் அண்ணாச்சிக்கே கொடுங்கள். எடை போடும்போது தராசுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.