பாட்டியின் கையும் பஞ்சும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எளிய கவிதைகள் எழுதிப் பழகுகிறேன். 'பாட்டியின் கை பஞ்சுபோல மென்மை, அவள் குரல் தேன்போல இனிமை' என்று ஒன்றைத் தொடங்கினேன். படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் ஒரு வரியும் யார் மனதிலும் நிற்கவில்லை. உவமையில் என்ன குறை?

கே.

அன்புள்ள கே.,

முதல் வரியில் 'பாட்டி'யை எடுத்துவிட்டுக் 'குழந்தை' என்று போட்டுப் பாருங்கள். வரி அப்படியே பொருந்துகிறது. குறை அதுதான்.

பஞ்சும் தேனும் மொழியில் தயாராகக் கிடப்பவை. எழுத உட்கார்ந்ததும் வரும் முதல் இரண்டு மூன்று உவமைகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். அவற்றைத் தாளில் எழுதி அடித்துவிடுங்கள். மனதிலேயே வைத்திருந்தால் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். பிறகு கையைப் பற்றி மட்டும் குறிப்பெடுங்கள். தொட்டால் எப்படி, என்ன வாசனை, என்ன சூடு. பார்வைக்குத் தெரிவது கடைசியில் வரட்டும், இல்லாவிட்டால் மற்ற புலன்களுக்கு அது இடமே விடாது. தோல் மெலிந்திருக்கிறது, சொரசொரப்பு போய்விட்டது, தடவினால் கோடுகள் விரலில் தட்டுப்படுகின்றன: இவ்வளவு தூரம் வந்த பிறகே 'வேறு எது இப்படி?' என்று கேட்க வேண்டும்.

பலமுறை மடித்துப் பிரித்த
கடிதம்போல்
பாட்டியின் உள்ளங்கை

இதில் 'மென்மை' இல்லை. உவமை (கடிதம்), உவமேயம் (உள்ளங்கை), உருபு ('போல்') மூன்றும் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள பொதுத்தன்மையை வாசகர் கண்டுகொள்வார். அதைச் சொல்லாவிட்டால் புரியவே இல்லை என்றால், விளக்கம் சேர்க்காதீர்கள், உவமையை மாற்றுங்கள்.

அடுத்து குரல். உவமை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என்ற நான்கைச் சொல்கிறது. வினை செயல், பயன் விளைவு, மெய் வடிவம், உரு நிறம். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டிலேயே சுற்றுகிறார்கள். வினைக்குப் போங்கள். உங்கள் தேன் வெறும் சுவையாக நிற்கிறது. அது அறுபடாமல் இழுபட்டு இறங்கும் விதத்தை எடுத்தால், இழுத்து இழுத்துப் பேசும் பாட்டிக்குப் பொருந்தும். தாழ்ந்த குரல் என்றால்:

எல்லோரும் தூங்கும் வீட்டில்
கதவைத் திறப்பதுபோல்
பேசுவாள்

எட்டு வரிக்கு இரண்டு உவமை தாராளம். வரிக்கு வரி 'போல' வந்தால் கவிதை பட்டியலாகிவிடும். கடிதமும் கதவும் வீட்டுக்குள் இருப்பவை, சேர்ந்து நிற்கும். கடிதத்துக்குப் பக்கத்தில் எரிமலையை வைத்தால் கடிதம் காணாமல் போகும். பேச்சுத் தொனி வேண்டுமென்றால் 'மாதிரி' போடலாம். 'அன்ன', 'ஒப்ப' மட்டும் வேண்டாம். எளிய கவிதையில் அவை வேடம் கட்டியதுபோல் தெரியும்.