பட்டறைப் பக்கம்: கையில் அடங்காத கார் சாவி

கேள்வி: ஐயா, போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கார் வாங்கினோம். கார்தான் சின்னது, சாவி பெரியது. ரிமோட்டும் சாவியும் ஒன்றாகச் சேர்ந்த கறுப்புக் கட்டை, மடக்கவும் முடியாது. என் கைப்பையின் உள்துணியைக் குத்திக் கிழித்துவிட்டது. சுடிதார் பாக்கெட்டில் போட்டால், உட்காரும்போதெல்லாம் பட்டன் அழுந்தி வாசலில் நிற்கிற கார் தானாகத் திறந்து மூடுகிறது. ரிமோட்டை அறுத்து எறிந்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பூட்டுக்கடையில் சாதாரண சாவி ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்கிறான் அண்ணன் மகன். மடக்குச் சாவிக் கூடு ஆன்லைனில் கிடைக்கிறது, நானே மாற்றித் தருகிறேன் என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரிலிருந்து என்னிடம் சாவிக் கேள்வியா! சரி, வந்த கேள்வியை விடுவானேன்.

உங்கள் ஊர் பூட்டுக்குச் சாவியின் பல் சரியாக இருந்தால் போதும், திறந்துவிடும். கார் சாவியில் பல் பாதி வேலைதான் செய்கிறது. அந்தக் கறுப்புக் கட்டைக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, பல் வெட்டிய பிளேடு. இரண்டாவது, கதவைத் திறந்து மூடுகிற ரிமோட் போர்டு. இது பேட்டரியில் ஓடுகிறது, நம் ஊர் கார்களில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசும். மூன்றாவதுதான் முக்கியமானது: இம்மொபிலைசர் சிப். ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் கறுப்புத் துண்டாகவோ சின்னக் கண்ணாடிக் குழாயாகவோ இருக்கும். சில மாடல்களில் தனியாகத் தெரியாது, ரிமோட் போர்டிலேயே சேர்ந்திருக்கும்.

இந்தச் சிப்புக்குப் பேட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். சிப் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். சரியான அடையாளம் வந்தால்தான் என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். ரிமோட் பேட்டரி செத்துப்போன பிறகும் வண்டி ஸ்டார்ட் ஆவது இதனால்தான். கார் திருட்டைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 1998-இல் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது.

ஆக, உங்கள் அண்ணன் மகன் சொல்கிற சாதாரண சாவி கதவைத் திறக்கும், ஸ்டியரிங் பூட்டையும் விடுவிக்கும், என்ஜினை மட்டும் ஓட விடாது. சில கார்களில் ஒரு விநாடி உறுமிவிட்டு அணைந்துவிடும். டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னும். பல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அதே சாவியை மறுபடி மறுபடி அரத்தில் தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், பல் நன்றாகத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு குறுக்கு வழி சொல்லுவார்கள்: சிப்பைக் கழற்றி ஸ்டியரிங் அடியில் அந்தச் சுருளுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள், அப்புறம் எந்தச் சாவி போட்டாலும் ஓடும் என்று. ஓடும், உண்மைதான். திருடன் போட்டாலும் ஓடும். என் பட்டறையில் இந்த வேலையைச் செய்து தர மாட்டேன்.

உங்கள் கணவர் சொல்வதில் தப்பில்லை. கூடு மாற்றுவது சட்டை மாற்றுவது மாதிரிதான், உள்ளே இருக்கிற ஆள் மாறுவதில்லை. சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் மாடல் வாரியாக இந்தக் கூடுகள் தொங்கும். சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஆனால் வாங்குவதற்கு முன்பே பழைய சாவியைப் பிரித்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஓரத்தில் இருக்கிற சின்னப் பள்ளத்தில் நாணயத்தை வைத்துத் திருகினால் இரண்டாகப் பிளக்கும். ஸ்க்ரூ இருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு அதன் மேல் வைத்துப் பிரிப்பது நல்லது. சிப் தனித்துண்டாக இருந்தால் பிரிக்கும்போதே துள்ளி விழும். அதன் நிறமும் கூட்டின் நிறமும் கறுப்பு. பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, சிப்பும் அதோடு போனது தெரியாமல், கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருகிறவர்கள் நிறையப் பேர்.

பிளேடைப் பாருங்கள். ஒரு சின்ன ஊசிப் பின்னில் மாட்டியிருந்தால் அந்தப் பின்னைத் தட்டி எடுத்து, அதே பிளேடைப் புதுக் கூட்டில் மாட்டலாம். பிளாஸ்டிக்கோடு சேர்த்தே வார்த்திருந்தால் மடக்குக் கூட்டோடு வருகிற வெற்றுப் பிளேடில் பல் வெட்ட வேண்டும். அப்போது, தினமும் போட்டுத் தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் எடுக்காதீர்கள், தேய்மானமும் சேர்ந்து நகலாகிவிடும். அலமாரியில் தூங்குகிற இரண்டாவது சாவியைக் கொடுங்கள்.

போர்டையும் சிப்பையும் மாட்டியதும் உடனே ஒட்டிவிட வேண்டாம். கையால் அழுத்திப் பிடித்தபடி முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடினால் மூடுங்கள். சூப்பர் க்ளூவைப் பட்டன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அது கசிந்து பட்டனுக்கு அடியில் இறங்கினால் போர்டைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், இருந்தாலும் உங்களுக்கு என் ஓட்டு மடக்குச் சாவிக்கு இல்லை. மடக்கினால் பை கிழியாது, ஆனால் பட்டன் அங்கேயேதான் இருக்கும், உட்காரும்போது அழுந்தத்தான் செய்யும். டிரைவர் கதவில் சாவி போட்டுத் திருப்பினால் நான்கு கதவும் பூட்டுகிறதா என்று பாருங்கள். பூட்டினால் உங்களுக்கு ரிமோட்டே தேவையில்லை. ரிமோட் இல்லாத, சிப் மட்டும் உள்ள மெலிந்த சாவி ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள். கார் சாவி புரோகிராம் செய்கிறவர்கள் இப்போது பெரும்பாலான ஊர்களில் இருக்கிறார்கள். சிப்பை நகல் எடுத்தோ, புதுச் சிப்பைக் காரின் நினைவில் சேர்த்தோ தருவார்கள். கூடு மாற்றுவதைவிடச் செலவு அதிகம்தான். ஆனால் ஒரிஜினல் சாவியில் ஒரு கீறலும் விழாமல் வீட்டில் இருக்கும்.

அது ஏன் முக்கியம் என்றால், கார் திருடுபோய் இன்ஷூரன்ஸ் கேட்டால் இரண்டு ஒரிஜினல் சாவியும் எங்கே என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும். நீங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கியதாகச் சொல்கிறீர்கள். விற்றவர் இரண்டு சாவியையும் கொடுத்தாரா? கொடுக்கவில்லை என்றால், புதுச் சாவி புரோகிராம் செய்கிற அன்றே, உங்கள் கையில் இல்லாத சாவிகளைக் காரின் நினைவிலிருந்து நீக்கச் சொல்லிவிடுங்கள்.

எந்தச் சாவியானாலும் வீட்டுச் சாவி, பீரோ சாவி, பிள்ளையார் டாலர் எல்லாவற்றையும் அதோடு கோர்க்காதீர்கள். இது வெறும் பட்டறைப் பேச்சில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சாவிக்கொத்தின் கனத்தாலோ குலுக்கலாலோ சாவி தானாகத் திரும்பி, ஓடும்போதே என்ஜின் அணைந்துவிடும் என்பதுதான் அதற்குக் காரணம். அதில் ஒரு பகுதிக் கார்களுக்கு என்ன பரிகாரம் தெரியுமா? சாவியை மாற்றியமைத்தார்கள். சாவித் தலையில் இருந்த நீளத் துவாரத்தைச் சின்ன வட்டத் துவாரமாக்கினார்கள், அவ்வளவுதான். நீளத் துவாரத்தில் வளையம் ஓரத்துக்கு நகர்ந்து சாவியை ஒரு பக்கமாக இழுக்கும், வட்டத் துவாரத்தில் நடுவிலேயே நிற்கும். மடக்குக் கூடுதான் வேண்டும் என்று முடிவு செய்தால், வளையம் எங்கே மாட்டுகிறது என்று பார்த்து வாங்குங்கள். மூலையில் மாட்டுகிற கூடு எனக்குப் பிடிக்காது.

கேள்வி: என் காரில் பட்டன் ஸ்டார்ட். சாவி ஒரு கூழாங்கல் அளவு. பர்ஸில் வைக்கிற அளவுக்கு மெலிதாக்க முடியுமா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம். அதற்குள் காரின் அழைப்பைக் கேட்கிற சுருள்கள் இருக்கின்றன, எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கேட்க வேண்டும் என்பதால் இடம் பிடிக்கின்றன. கவர் போட்டால் ரப்பர் போதும், உலோகக் கவர் சிக்னலைக் குறைத்துவிடும். இரவில் அதே குணம் உதவும்: மூடி இறுகிய தகர டப்பாவில் போட்டு வைத்தால், சாவியின் சிக்னலை வாசல்வரை நீட்டித்துக் கார் திருடுகிற கருவி ஏமாறும். வைத்த பிறகு டப்பாவோடு கார் பக்கத்தில் போய்க் கதவு திறக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். பேட்டரி தீர்ந்தால் பதற வேண்டாம். சாவிக்குள் ஒளிந்திருக்கிற சின்னப் பிளேடால் கதவைத் திறந்து, சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் ஓடும். உங்கள் காரில் எங்கே பிடிக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

கேள்வி: ரிமோட்டுக்குப் புதுப் பேட்டரி போட்டும் விட்டு விட்டுத்தான் வேலை செய்கிறது. போர்டு போய்விட்டதா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பேட்டரி மேல் இருக்கிற எண்ணைப் பாருங்கள். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்றால் அதே அகலம், தடிமன் 2.5 மட்டும். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று 2025-ஐக் கொடுத்திருப்பார். வோல்ட் ஒன்றுதான், உள்ளே சரியாக உட்காராமல் ஆடும். பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோய் அதே எண்ணை வாங்குங்கள். அப்படியும் விட்டு விட்டு வேலை செய்தால், உள்ளே பேட்டரியைத் தொடுகிற தகட்டில் பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்தாலே சரியாகிவிடும்.