கோத்தகிரிக்கு ஒரு பேருந்துச் சீட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் டெய்லர். எட்டாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன், கூடவே மாமியார். சீட்டு எடுத்த பணத்தில் 8,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். காலாண்டு லீவில் எல்லாரையும் ஊட்டிக்குக் கூட்டிப் போக ஆசை. விசாரித்தால், வேனுக்கு மட்டுமே இரண்டு நாளைக்கு 9,000 கேட்கிறார்கள். மாமியார் ஆயுசு பூராவும் காட்டு வேலை செய்தவர். "மேகம் தரைக்கு இறங்கி வருமாமே, ஒரு தடவை பார்த்துடணும்" என்கிறார். இந்தக் காசுக்குள் முடியுமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முடியும் தங்கச்சி. வேனை விட்டுவிடுங்கள். ஊட்டியையும் இந்தத் தடவை விட்டுவிட்டு கோத்தகிரிக்கு வாருங்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. எனக்குப் பத்து வயதில் அப்பா எங்களை ஊட்டிக்குக் கூட்டிப் போனார். தறிக்கூலியில் ஒரு வருஷம் பிடித்துப் பிடித்துச் சேர்த்த பணம். மே மாதம், நல்ல கூட்டம். பத்து இடம் காட்டுகிறேன் என்று பேசி ஒரு வேன்காரர் ஏற்றினார். ஒவ்வொரு இடத்திலும் கால் மணி நேரம்கூட நிற்க விடவில்லை. ஆறாவது இடத்தோடு, நேரமாயிற்று என்று வண்டியைத் திருப்பிவிட்டார். தேயிலைச் செடியை அம்மா ஓடுகிற வண்டியின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார், ஒரு இலையைக்கூடத் தொடவில்லை. ஊருக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அப்பா சில்லறையை மறுபடி மறுபடி எண்ணியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு வேலை கிடைத்து, கோத்தகிரியில் 26 வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். அப்போதுதான் புரிந்தது, அப்பாவின் காசு முழுக்க டீசலாகப் போயிருக்கிறது என்று. மலையில் ஓர் இடத்தில் தங்கி, டவுன் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களுக்குச் செலவு பாதிகூட ஆகாது. அவர்கள் பார்ப்பதும் அதிகம்.

போன செப்டம்பரில் என் தங்கை ஈரோட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தாள். உங்களைப் போலவே ஐந்து பேர். எங்கள் வீட்டில் மராமத்து நடந்துகொண்டிருந்ததால் லாட்ஜில் தங்கினார்கள். இரண்டு இரவு அறை வாடகை 3,200. போக வர பஸ் 1,040. சாப்பாடு 2,150. நுழைவுச்சீட்டு, வர்க்கி (இங்கத்து மொறுமொறு பிஸ்கட்), டீத்தூள் எல்லாம் சேர்த்து 590. மொத்தம் 6,980. திருப்பூர் இன்னும் பக்கம்தானே.

வழி உங்களுக்கே தெரிந்திருக்கும்: அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம். அங்கே இறங்கி கோத்தகிரி பஸ் ஏறினால் 33 கிலோமீட்டர். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தையும் அதே வருஷம் மலைப்பகுதிக்கு நீட்டித்தார்கள். ஆகவே மேலே வந்த பிறகு சாதாரணக் கட்டணப் பேருந்தில் ஏறும்போது கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். உங்கள் வீட்டில் மூன்று பேர் பெண்கள், இது சின்னத் தொகை இல்லை.

எப்போது ஏறுவது என்பதில்தான் பாதிக் காசு இருக்கிறது. சனிக்கிழமை வராதீர்கள். ஞாயிறு மத்தியானம் கூட்டமெல்லாம் இறங்கும்போது நீங்கள் மேலே ஏறுங்கள். அன்று சாயங்காலம் லாட்ஜ்காரர்கள் காலி அறையை வைத்துக்கொண்டிருப்பார்கள், பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மூன்று இடத்தில் நேரில் கேட்டு, கட்டிலையும் வெந்நீரையும் பார்த்துவிட்டு வாடகை பேசலாம். குடும்ப அறை ஒன்று கேட்டு, கூடுதலாக ஒரு மெத்தை போடச் சொல்லுங்கள். ஞாயிறும் திங்களும் தங்கிச் செவ்வாய் மத்தியானம் இறங்கிவிடலாம்.

மழையைப் பற்றி யாராவது பயமுறுத்துவார்கள். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர்ப் பக்கம்தான் கொட்டித் தீர்க்கும். கோத்தகிரி தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால் அதில் கொஞ்சம்தான் இங்கே வரும். எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். 2009 நவம்பரில் மண் சரிந்து எத்தனையோ உயிர் போனதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் மட்டும் பிள்ளைகளோடு வராதீர்கள். காலாண்டு லீவு நல்ல நேரம்.

முதல் நாள் சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் அவசியம், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை. ஒரு பிளாஸ்க் இருந்தால் மாமியாருக்கு நடுராத்திரி வெந்நீருக்கு அலைய வேண்டாம். மற்ற வேளைக்கு மெஸ் இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் கோடநாடு பஸ்ஸைப் பிடியுங்கள். 18 கிலோமீட்டரும் தேயிலைக்கு நடுவில்தான். காட்சிமுனையில் நின்றால் கீழே மாயாறு ஓடுகிற பள்ளத்தாக்கு, தூரத்தில் பவானிசாகர் அணைத் தண்ணீர், ரங்கசாமி மலை எல்லாம் தெரியும். காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் மேகம் மூடிக்கொள்ளும். இன்னொரு நாள் கன்னேரிமுக்குக்கு நடந்தே போகலாம். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் வந்து கட்டிய பங்களா அங்கே இருக்கிறது, இப்போது நினைவகம். நீலகிரியின் பழைய படங்களை உங்கள் மகள் ஒரு மணி நேரம் பார்ப்பாள். பையன் ரயில் கேட்டு அடம்பிடித்தால், குன்னூருக்கு பஸ்ஸில் போய் அங்கிருந்து ஊட்டிவரை மலை ரயிலில் போய்வரலாம். தண்டவாளத்து நடுவில் பல்சக்கரத்தைப் பிடித்து ரயில் ஏறுகிற பாதை கல்லாறிலிருந்து குன்னூர்வரைதான், அது கிடைக்காது. ஆனால் கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி போகிற சந்தோஷம் கிடைக்கும். கவுண்டருக்குச் சீக்கிரமே போய் வரிசையில் நில்லுங்கள்.

இதையெல்லாம் விட, ஒரு சாயங்காலம் எங்கேயும் போகாமல் இருங்கள். நாலு மணி வாக்கில் தோட்டத்து ரோட்டோரம் கொழுந்து எடை போடுவார்கள். தலையில் சாக்கும் இடுப்பில் தார்ப்பாய்த் துணியுமாகப் பெண்கள் வரிசையாக வந்து பையை இறக்குவார்கள். தராசுக் கொக்கியில் பை ஏறியதும் எல்லார் கண்ணும் முள்மேல் நிற்கும். ஈர இலைக்கு என்று இரண்டு கிலோ கழிப்பதற்குள் ஒரு வாக்குவாதம் வரும். அவர்கள் விரல் நுனியைப் பாருங்கள், இலைக்கறை ஏறிக் கறுத்திருக்கும். உங்கள் மாமியார் பருத்தி எடுத்த கை என்றால் நிச்சயம் பேச்சுக் கொடுப்பார், அவர்களும் கொடுப்பார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று உங்கள் பிள்ளைகளுக்கு அவர்களே காட்டுவார்கள். அனுமதி கேட்காமல் மட்டும் செடிக்குள் இறங்கிவிடாதீர்கள், அது அவர்கள் சோறு.

பனி அந்த நேரத்தில்தான் வரும். முதலில் எதிர்ச் சரிவில் உள்ள சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக மறையும். அப்புறம் ரோடு, அப்புறம் பக்கத்தில் நிற்கிற ஆள். மாமியாருக்கு ஒரு சால்வையும் காதுக்கு மப்ளரும் போட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார வையுங்கள். கையை நீட்டினால் ரோமத்தில் பொடிப்பொடியாக நீர் கோத்து நிற்கும். அந்த நேரத்துக்கு பேக்கரி அடுப்பிலிருந்து வர்க்கி இறக்குவார்கள். சுடச்சுட நூறு கிராம் வாங்கி, டீயில் முக்கி எடுக்கக் கொடுங்கள். ரொம்ப நேரம் முக்கினால் உள்ளேயே கரைந்துவிடும்.

போய்வந்து, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் நாலு நண்பர்கள், கல்லூரி மாணவர்கள். அறை வாடகை மிச்சமாகட்டும் என்று டென்ட் வாங்கிவிட்டோம். தேயிலைத் தோட்டத்து ஓரமாகவோ சோலைக்குள்ளோ இரவு தங்கலாமா?
— மதுரை வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. இதில் மட்டும் அக்கா பேச்சைக் கேட்டுவிடுங்கள். பொழுது சாய்ந்தால் தேயிலைக்குள் காட்டெருமை மேயும். கரடி, குடியிருப்பு வரைக்கும் இறங்கி வரும். நாங்களே இருட்டிய பிறகு கையில் டார்ச் இல்லாமல் தெருமுனை தாண்ட மாட்டோம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே வனச்சட்டப்படி குற்றம், அபராதம் கட்டினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். நாலு பேரும் ஒரே அறையில் தங்குங்கள், ஆளுக்கு வருவது ஒரு பிரியாணிக் காசு. சோலையைப் பகலில் பார்க்க ஆசையிருந்தால் கோத்தகிரி பக்கத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர் பழைய காடு, சுற்றியிருக்கிற பல ஊர்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கிறது. 2024-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள், சத்தமாகப் பாட்டு வைக்காதீர்கள். டென்டை ஊரில் யாராவது தோப்பில் போட்டுப் படுங்கள், அதுவும் நல்ல ராத்திரிதான்.

கேள்வி: வளைவு ஏறினாலே எனக்கு வாந்தி வருகிறது. அதனாலேயே 15 வருஷமாக மலைப்பக்கம் போகவில்லை. ஏதாவது வழி சொல்லுங்கள்.
— சேலம் வாசகி

பதில்: வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், பூரி கிழங்கு தின்றுவிட்டும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள், பின்சக்கரத்துக்கு மேலே உள்ள சீட் கூடவே கூடாது. செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, டிரைவர் பார்க்கிற ரோட்டை நீங்களும் பாருங்கள். வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தால் தலை அவ்வளவு சுற்றாது. மாத்திரை போடுவதானால் மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. சேலத்திலிருந்து ஒரே மூச்சில் வராமல் மேட்டுப்பாளையத்தில் இறங்கி முகம் கழுவி, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள்.