அதிசய வலை எண்ட பேர் எப்பிடி வந்தது?

கேள்வி: மகள் ஏஎல் பயோ படிக்கிறாள். 'ரீட்டே மிராபிலே' எண்டால் என்ன, ஏன் இந்தப் பேர் எண்டு கேக்கிறாள், எனக்குத் தெரியேல்லை. சொல்லுவியளோ? - வாசகி, கோண்டாவில்

பதில்: லத்தீன்ல 'அதிசய வலை' எண்டு அர்த்தம் அக்கா. ஒரு நாடி, அதாவது இதயத்திலயிருந்து ரத்தம் கொண்டுபோற குழாய், கன மெல்லிய குழாயாப் பிரிஞ்சு பின்னிக்கிடந்து பிறகு திரும்பச் சேரும், அதுதான். 2ஆம் நூற்றாண்டில கேலன் எண்ட கிரேக்க வைத்தியர் ஆடு மாட்டை வெட்டிப் பாத்து மூளைக்கு அடியில இதைக் கண்டிட்டு மனிசருக்கும் இருக்கெண்டு எழுதிப்போட்டார், அவர் சொன்னா வேதவாக்குத்தானே, ஆயிரம் வருசத்துக்கு மேல சனம் நம்பிச்சுது. 1521ல பெரங்காரியோ எண்ட இத்தாலிய வைத்தியர் தேடிக் காணேல்லை எண்டவர், 1543ல வெசாலியஸ் எண்ட உடற்கூற்று அறிஞர் அடிச்சே சொன்னார் மனிசரிட்ட இல்லையெண்டு. ஆனா பகிடி என்னெண்டால் முந்தி அவரே மனிசத் தலையை வெட்டிக் காட்டேக்க பக்கத்தில ஆட்டுத்தலையோ மாட்டுத்தலையோ வச்சுத்தான் இந்த வலையைக் காட்டினவராம்!

ஆட்டுக்கு இது மூளைக்குப் போற ரத்தத்தைக் குளிராக்கும், மூக்குப் பக்கமிருந்து வாற குளிர்ந்த ரத்தம் அந்த வலையைச் சுத்தி ஓடுறதால. நாங்கள் வாங்கிற சூரை மீனில நேரெதிர், தசைச் சூட்டை வெளியில விடாமல் பிடிச்சு வைக்கும், அதால அது கடல் தண்ணியை விடச் சூடா இருக்கும்.