சீட்டுக்கடியில் இருக்கும் ராடு

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்வீட்டுக்காரர் கேட்டை மறித்துக் காரை நிறுத்துவார். ஆறு மாதமாக அவருக்கும் என் கணவருக்கும் வாய்ச்சண்டை. போன ஞாயிறு, "பிழைக்க வந்தவன்தானே நீ" என்று நாலு பேர் முன்னால் அவர் சொல்ல, இவர் சட்டையைப் பிடித்துவிட்டார். நான்தான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்து வந்தேன். மறுநாள் பார்த்தால் ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் இரும்பு ராடு! "சும்மா பாதுகாப்புக்கு" என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: சகோதரி, எனக்கு உறுத்துவது காரோ கேட்டோ அல்ல, அந்த நாலு பேரும் ராடும்தான்.

கலிபோர்னியாவில் நடந்த 70 கொலைகளை டேவிட் லக்கன்பில் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து 1977இல் எழுதினார். ஒருவர் சொன்னது மற்றவருக்கு அவமானமாகப் படுகிறது; அவர் திருப்பிக் கொடுக்கிறார்; இனி ஒதுங்கினால் மானம் போகும் என்ற இடத்தில் இருவரும் மாட்டிக்கொள்கிறார்கள். கைகலப்பு அதற்குப் பிறகுதான். உங்கள் வாசலில் இந்தப் படிகள் ஏறியாகிவிட்டன.

அந்தச் சண்டை காயத்தோடு முடியுமா, சாவில் முடியுமா என்பதைக் கோபம் மட்டும் தீர்மானிப்பதில்லை. சிகாகோ தாக்குதல்களை ஒப்பிட்டு ஃபிராங்க்ளின் ஸிம்ரிங் 1968இல் எழுதியது: கத்தியைவிடத் துப்பாக்கியில் சாவு சுமார் 5 மடங்கு. கையில் கிடைப்பதுதான் முடிவை மாற்றுகிறது. இவர் ராடை எடுத்தால் அவர் அரிவாளைத் தேடுவார். பாதுகாப்பாம்! நீங்கள் ஒளித்து வைத்தால் அதுவே வீட்டுக்குள் சண்டையாகும். உங்கள் கணவர் நிதானமாக இருக்கும்போது, அவர் கையாலேயே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

பின்னாலிருந்து கட்டிப்பிடிப்பதும் ஆபத்து. கை கட்டுண்டவர் எதிராளியின் அடியைத் தடுக்க முடியாது. பக்கவாட்டில் நின்று முழங்கையைத் தொட்டுத் திருப்புங்கள். "அடிச்சிடாதீங்க" என்று கத்தாதீர்கள். கூட்டத்தின் முன் அது உசுப்பேற்றும். "பாப்பாவுக்குக் காய்ச்சல், வாங்க" என்றால் மானம் போகாமல் நகர அவருக்கு ஒரு சாக்கு கிடைக்கும். அதே நேரம் அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவர் அந்தப் பக்கத்தாரையும் அழைத்துப் போகவேண்டும். ஒருவரை மட்டும் விலக்கினால் மற்றவர் பின்தொடர்வார். ஆயுதம் தெரிந்தால் நடுவில் போகாமல் அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள்.

கார் பேச்சு வீட்டு ஓனர் மூலம், பகலில், கேட்டுக்கு வெகுதொலைவில் நடக்கட்டும். குடித்திருக்கும் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

எப்போதாவது தள்ளுமுள்ளில் யாராவது சிமெண்ட் தரையில் தலை மோதி விழுந்தால், எழுந்து நடந்தாலும் நம்பாதீர்கள். மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் சில மணி நேரம் நன்றாகவே பேசுவார்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் என்று எது வந்தாலும், விடியும்வரை பார்க்காமல் நேராக பெங்களூரின் மூளை, நரம்பு மருத்துவமனையான நிம்ஹான்ஸின் அவசரப் பிரிவு.